ஊர் சுற்றிய ஆடிட் செட்

1. கேக் வெட்டிய காலை

எங்கள் கம்பெனியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் சப்ளையர் லூர்துவின் போன் வந்தது.

முந்தின நாள் எங்களிடம் பாகங்கள் வாங்கும் வெளிநாட்டு கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்திருந்தது. எங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன ஷாப்புகளில் ஆட்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறோமா, முறையாக நடத்துகிறோமா என்று பார்க்கிற ஆடிட். பாஸ் ஆகிவிட்டோம். கேக்கின் மேல் கிரீமில் ஒரு பச்சை இலை வரைந்து, கீழே 'பொறுப்புள்ள நிறுவனம்' என்று எழுதியிருந்தார்கள். பர்ச்சேஸ் ஜி.எம். ஸ்ரீதரன் கையில் கத்தி இருந்தது. எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்ததால் நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"சார், நம்ம ஷாப்பு மேகலாவுக்கு கை போய்ட்ச்சு சார். பிரஸ்ல மாட்டிகிச்சு. ஆட்டோல போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போய்கினு கீறோம்" என்றார் லூர்து. அவருக்கு மூச்சு வாங்கியது.

உள்ளே திரும்பிப் போய் ஸ்ரீதரன் காதில் சொன்னேன். அவர் முகம் மாறியது. பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "கஸ்டமருக்குத் தெரியுமா?"

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தாமோதரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் சீட்டுக்கான பாகங்கள் செய்யும் கம்பெனியில் சப்ளையர் குவாலிட்டி பார்த்து ரிட்டயர் ஆனவன். வெளியே சின்ன ஷாப்புகளில் செய்து வாங்கும் பாகங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கிற வேலை. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்களுக்காக என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். கொஞ்சம் நல்ல விதமாக எழுதுங்கள் சார் என்றும் சொன்னார்கள். இந்த விஷயத்தில் எனக்கு நல்ல விதமாக எழுத வராது.

2. மினி வேனில் வந்த பாதுகாப்பு

எங்கள் சப்ளையர்கள் வட்டாரத்தில் 'ஆடிட் செட்' என்று ஒன்று உண்டு. தீயணைப்பு சிலிண்டர்கள், பிளாஸ்டிக் கவர் பிரிக்காத கண்ணாடிகள், கையுறைகள், முதலுதவிப் பெட்டி, சுவரில் மாட்ட போஸ்டர்கள், தரையில் ஒட்ட மஞ்சள் டேப். கொஞ்சம் வசதியான ஒரு சப்ளையர் ஒரு தடவை இதையெல்லாம் வாங்கிவிட்டார். அதன் பிறகு யாருக்கு ஆடிட் வந்தாலும் அவருக்கு ஒரு போன் போகும். மினி வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார். ஆடிட் முடிந்ததும் செட் அடுத்த ஷாப்புக்குப் போகும். ஒரு ஷாப்பில் 'பாதுகாப்பே முதலில்' என்ற போஸ்டரைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார் ஒரு ஆடிட்டர்.

அந்தச் செட்டிலேயே ராஜா மாதிரி ஒரு சாமான் லைட் கர்ட்டன். இரும்புத் தகட்டை அடித்துப் பாகமாக்கும் பிரஸ் மெஷினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு கம்பம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நடுவில் கை வந்தால் பச்சை விளக்கு சிவப்பாகி மெஷின் நின்றுவிட வேண்டும். அதுவும் மெஷினோடு சரியாக ஒயர் கொடுத்திருந்தால், மெஷின் அதற்கு ஏற்றதாக இருந்தால். செட்டோடு ஊர் சுற்றுகிற கம்பத்துக்கு எந்த மெஷினோடும் சம்பந்தம் கிடையாது. பிளக்கில் செருகினால் விளக்கு மட்டும் எரியும்.

சப்ளையர்களைத் திட்டி இதை முடித்துவிடலாம். நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர்களை இந்த நிலைக்குத் தள்ளியது யார்? வருடா வருடம் விலையைக் குறை என்று மெயில் அனுப்புவது எங்கள் பர்ச்சேஸ். ஆட்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று செக்லிஸ்ட் அனுப்புவதும் அதே பர்ச்சேஸ். சப்ளையர் மீட்டிங்கில் ஒருவர் எழுந்து, இரண்டையும் எப்படி சார் ஒன்றாகச் செய்வது என்று கேட்டார். ஸ்ரீதரன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரேட் ஏறாது. ஆடிட்டும் பாஸ் ஆகணும். எப்படிங்கறது உங்க திறமை."

அந்தத் திறமைதான் மினி வேனில் ஏறி ஊர் சுற்றியது.

லூர்துவின் ஷாப் அத்திப்பட்டில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே மாதா படம், வரிசையாகப் பழைய பிரஸ்கள். எங்கள் சீட்டின் அடியில் வரும் பிராக்கெட்டை அவர்தான் அடித்துக் கொடுத்தார். அவருடைய மெஷின்கள் பின் கிளட்ச் பிரஸ்கள். பெடலை ஒரு தடவை மிதித்தால் ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் நிற்கும். நடுவில் கடவுளே வந்து நிறுத்தினாலும் நிற்காது. அதற்கு முன்னால் லைட் கர்ட்டன் வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்குத் தேவை கம்பிக் கூண்டு. டைக்கு, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்கு, முன்னால் கை நுழையாதபடி கூண்டு போட்டு, பாகத்தை ஒரு தட்டில் வைத்து உள்ளே தள்ளுகிற மாதிரி ஸ்லைடு செய்துவிட்டால், விரல் போக வழியே இல்லை. ஆனால் வேலை கொஞ்சம் மெதுவாகும். அதற்கேற்ப லூர்துவுக்கு விலை கூட்டித் தர வேண்டும்.

இதை நான் ஸ்ரீதரனிடம் படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"மிஸ்டர் தாமோதரன், நீங்க குவாலிட்டியா, யூனியனா?" என்றார்.

"விரல் போச்சுன்னா கார் கம்பெனி லைனும் சேர்ந்து நிக்கும் சார்" என்றேன்.

"இத்தனை வருஷமா போகலையே" என்றார்.

அந்தக் கூண்டைப் பற்றி மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்ததால்தான், லூர்து ஷாப்பில் ஆடிட் நடந்த நாளன்று எனக்கு ஓசூரில் அவசர வேலை இருப்பதாகக் கண்டுபிடித்து என்னை அனுப்பிவைத்தார்கள்.

3. மேகலா பார்த்தது

ஆஸ்பத்திரியில் மேகலாவின் வலது கை முழுக்கக் கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரு சந்தேகம்.

"லைட்டு செவப்பா தான் சார் இருந்துச்சு. நான் பார்த்துட்டு தான் கைய வுட்டேன். அப்புறம் ஏன் சார் எறங்குச்சு?"

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த லூர்து தலையைக் குனிந்துகொண்டார். மேகலாவே மெதுவாகச் சொன்னாள்.

ஆடிட் அன்று ஷாப்பில் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்தார்களாம். எங்கள் கம்பெனியிலிருந்து போன இளைஞர் ஒருவர் லைட் கர்ட்டனைக் காட்டி, கை போனால் மெஷின் நின்றுவிடும், இனிமேல் யாரும் பயப்பட வேண்டாம் என்று வகுப்பு எடுத்திருக்கிறார். ஆடிட்டர் அம்மா, ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். லூர்துவின் ஷாப்பில் டை மாட்டிக் கொடுக்கும் செட்டர் பாபு மெஷினில் உட்கார்ந்து அடித்துக் காட்டினான். யாரோ ஒரு குச்சியை நடுவில் நீட்டினார்கள். விளக்கு சிவப்பானது. மெஷின் நின்றது. ஆடிட்டர் அம்மா தலையாட்டினார். பெண்கள் கை தட்டினார்கள்.

மெஷின் எப்படி நின்றது? விளக்கு சிவப்பானதும் பெடலிலிருந்து காலை எடு என்று பாபுவிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். மிதிக்காவிட்டால் எந்த பிரஸ்தான் ஓடும்? மேலே விளக்கைப் பார்த்தவர்கள் யாரும் கீழே பாபுவின் காலைப் பார்க்கவில்லை.

"நம்ம பொம்பளைங்களுக்குத் தெரியாம இருக்குமா, இது ஆடிட்டுக்கு வந்த சாமான்னு நெனச்சிகினு இருந்துட்டேன் சார்" என்றார் லூர்து.

"எப்டிண்ணா தெரியும்? நீதான பக்கத்துல நின்னுகினு தலையாட்டுன" என்றாள் மேகலா.

மேகலா அந்த பிரஸ்ஸில் பல வருடம் வேலை பார்த்தவள். பாகம் டையில் சிக்கினால் இடுக்கியால்தான் எடுப்பாள். ஒரு நாளும் கையை உள்ளே விட்டதில்லை, ஏனென்றால் அந்த மெஷினிடம் அவளுக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நாங்கள் வகுப்பு எடுத்துப் போக்கினோம். மறுநாள் காலை ஒரு பிராக்கெட் சிக்கியது. கையை நீட்டினாள், விளக்கு சிவப்பானது, மெஷின் நின்றுவிட்டது என்று நம்பி எடுக்கப் போனாள். கிளட்ச் பின் தேய்ந்திருந்தது. பழைய பிரஸ் மிதிக்காமலேயே இன்னொரு அடி அடிப்பதை நாங்கள் டபுள் ஸ்ட்ரோக் என்போம். அதுதான் நடந்தது.

பாதுகாப்பு இல்லாத மெஷின் இத்தனை வருடம் எடுக்காத விரல்களைப் பொய்ப் பாதுகாப்பு ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஆடிட்தான் முடிந்துவிட்டதே, செட்டை ஏன் அன்றே கழற்றவில்லை என்று லூர்துவைக் கேட்டேன்.

"ஸ்ரீதரன் சார் தான் போன் பண்ணாரு. போட்டோகிராபர் வருவாரு, ஆண்டறிக்கைல போடணும், அது வரைக்கும் கயட்டாதன்னாரு" என்றார்.

4. லிஸ்டில் இல்லாத லூர்து

மறுநாள் மீட்டிங். ஸ்ரீதரன் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு தெளிவாக வந்திருந்தார்.

"நம்ம கம்பெனி பாலிசி ஜீரோ டாலரன்ஸ். பாதுகாப்பு இல்லாத சப்ளையரோட நமக்கு உறவு கிடையாது. லூர்துவை லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. டை எல்லாம் நசரத்பேட்டை ஷாப்புக்குப் போகுது" என்றார்.

"மேகலா?" என்று கேட்டேன்.

"அவங்க நம்ம எம்ப்ளாயி இல்லையே."

"அவங்க அடிச்ச பிராக்கெட் நம்ம சீட்ல தானே சார் இருக்கு?"

ஸ்ரீதரன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பொறுப்பு என்ற வார்த்தையை எங்கள் கம்பெனி எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு அந்த மீட்டிங்கே போதும். நல்லது நடந்தால் அது நம் சப்ளை செயின். விரல் போனால் அது யாரோ லூர்துவின் ஷாப்.

எங்கள் கம்பெனிக்குச் சொந்தமான டைகளை எடுக்க லாரி போனபோது நானும் போனேன். சரிபார்த்து எடுத்து வருவது என் வேலை. லூர்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேலை செய்த பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் வேலை இல்லை. எனக்கு லூர்து மேல் ஆத்திரம் அடங்கவில்லை. உனக்குத் தெரியாதா, அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நேராகவே கேட்டேன்.

"சொல்லியிருக்கணும் சார். செட்டு போட்டது நான் தான், இல்லங்கல. போட சொன்னது யாரு? கயட்ட வேணாம்னு சொன்னது யாரு? அவங்க பேர எந்த லிஸ்ட்ல இருந்து சார் எடுப்பீங்க?" என்றார் லூர்து.

நான் லாரியில் ஏறிக்கொண்டேன். லாரி கிளம்பிவிட்டது.

5. மேகலா கேட்ட கேள்வி

பொறுப்பாக நடந்துகொண்டால் செலவு, லாபம் குறையும் என்று நினைக்கிற புண்ணியவான்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நசரத்பேட்டை ஷாப்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த டைகள் அவர்களுக்குப் புதுசு. அவசரம் அவசரமாக மாட்டி ஓட்டினார்கள். பிராக்கெட்டில் ஓட்டைகள் தள்ளிப் போயின, விளிம்பில் பிசிறு வந்தது. கார் கம்பெனியின் அசெம்பிளி லைனில் போல்ட் ஏறவில்லை. லைன் நின்றது. கார் கம்பெனியின் லைனை நிறுத்துவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் தொழிலில் கிடையாது. எங்கள் ஆட்கள் அவர்களுடைய ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்து அரத்தால் பிசிறு தேய்த்தார்கள். நல்ல பாகங்களைப் பொறுக்கி விமானத்தில் அனுப்பினோம். இரும்பு பிராக்கெட் விமானத்தில் போனது. கூண்டுக்கு விலை கூட்டித் தர முடியாது என்ற அதே கம்பெனி இதற்கெல்லாம் மூச்சு விடாமல் செலவு செய்தது.

கடைசியில் கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் நசரத்பேட்டைக்கு நேரில் வருவதாகச் செய்தி வந்தது. கூடவே, முன்பு லூர்து ஷாப்பில் ஆடிட் செய்த அந்த ஆடிட்டர் அம்மா, நிர்மலா மேடமும் வருகிறார் என்றார்கள். அவர்களுடைய பிராக்கெட்டுக்கு ஏன் ஷாப் மாறியது என்று அவர்களுக்குச் சந்தேகம்.

உடனே ஸ்ரீதரனுக்கு மேகலாவின் ஞாபகம் வந்தது. அவளுக்கு எங்கள் கேன்டீனில் வேலை, ஆனால் நடந்ததைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு வரும்படி, அவர்கள் வருகிற அன்று காலையில் என்னை அனுப்பினார். தூது போக எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வேலை அவளுக்குத் தேவை என்பதால் போனேன். அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் அவள் வீடு. இடது கையால் பாத்திரம் தேய்க்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"வேலை இருக்கட்டும் சார். என் மெஷின் வேலைய இப்போ யாரு செய்யறா?"

"டை எல்லாம் நசரத்பேட்டைக்குப் போயிடுச்சு. அங்க ஒரு பொண்ணு செய்யுது."

"அங்கயும் பின் கிளட்ச்சா?"

"ஆமா."

"அந்த லைட்டு வெச்சிகீறாங்களா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரியாது என்று சொல்வதற்குக் கூட வெட்கமாக இருந்தது. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு கிட்ட யாருனா சொன்னீங்களா, அது பொய் லைட்டுன்னு?"

அங்கிருந்து நேராக நசரத்பேட்டைக்குத்தான் போனேன். கார் கம்பெனி ஆட்கள் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். ஸ்ரீதரன் அவர்களை மெஷின் மெஷினாகக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். புது கேட், புது பெயின்ட். எங்கள் பிராக்கெட் ஓடும் பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கம்பங்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வசந்தி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எங்க எல்லா சப்ளையர்கிட்டயும் லைட் கர்ட்டன் கட்டாயம். கை போனா மெஷின் நின்னுடும்" என்று ஸ்ரீதரன் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வாக்கியம். மேகலாவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம்.

எனக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்படின்னா உங்க கையை வைங்க சார்" என்றேன்.

ஸ்ரீதரன் திரும்பிப் பார்த்தார். "என்ன தாமோதரன்?"

"அந்தப் பொண்ணு பெடலை மிதிக்கட்டும். காலை எடுக்க வேணாம். நீங்க உள்ள கையை வைங்க. மெஷின் தான் நின்னுடுமே."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவராக வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, கைகள் தாமாகப் போயின. நிர்மலா மேடம் அதைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த ஒரு மரக்கட்டையை எடுத்து, வசந்தியை நகரச் சொல்லிவிட்டு, தானே பெடலை அழுத்தி மிதித்துக்கொண்டு கட்டையை உள்ளே நீட்டினார். விளக்கு சிவப்பானது. பிரஸ் இறங்கியது. கட்டை இரண்டாகப் பிளந்தது.

வசந்தி தன் கையைத் தானே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"முன்னாடி நான் பார்த்ததும் இதே தானா?" என்று நிர்மலா மேடம் கேட்டார். கேட்டது ஸ்ரீதரனை. பதில் சொன்னது நான். மேகலாவைப் பற்றி எல்லாவற்றையும் அங்கேயே, அந்த மெஷின் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். "பார்க்க வேண்டியதைப் பார்க்காம நான் டிக் போட்டுட்டேன்" என்று நிர்மலா மேடம் ஒத்துக்கொண்டார். எங்கள் தரப்பில் இன்றுவரை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

6. கூண்டு

கார் கம்பெனி எங்களை விட்டுப் போகவில்லை. நிபந்தனை போட்டது. பின் கிளட்ச் பிரஸ் ஓடுகிற ஒவ்வொரு ஷாப்பிலும் கூண்டும் ஸ்லைடும் எங்கள் செலவில் போட வேண்டும். அதற்கேற்ற விலையைச் சப்ளையருக்குக் கொடுக்க வேண்டும். மேகலாவின் வைத்தியமும் வேலையும் எங்கள் பொறுப்பு. வாயை மூடச் சொல்லும் நிபந்தனை எதுவும் அதில் இருக்கக் கூடாது.

கூண்டு வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலில் வேலை மெதுவானது. பிறகு ஸ்லைடில் பாகம் சரியாக உட்கார்ந்ததால் ஓட்டை தள்ளிப் போவது நின்றது. ரிஜெக்ஷன் இறங்கியது. பயந்து பயந்து வேலை செய்யாததால் ஆட்களும் அடிக்கடி வேலையை விட்டு ஓடவில்லை. லைன் நிற்கவில்லை, விமானத்தில் இரும்பு போகவில்லை. நான் படம் போட்டுக் காட்டியபோது பார்க்க மறுத்த ஸ்ரீதரன், அடுத்த வருட மீட்டிங்கில் இதையெல்லாம் கிராஃபாகப் போட்டார். 'பொறுப்பு வளர்ச்சியைத் தரும்' என்று தலைப்பு. கை தட்டல் பலமாக இருந்தது. மேகலாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. லூர்துவின் பெயரும் இல்லை. லூர்து பிரஸ்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஆவடியில் ஒரு ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறார். அவர் திரும்ப எங்கள் லிஸ்டுக்கு வரவே இல்லை.

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சப்ளையரின் விலையைக் குறைக்கும்போது அவர் எதை வெட்டி அந்த விலைக்கு வருகிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். பாதுகாப்பு என்று யாராவது எதையாவது காட்டினால், அங்கே உங்கள் கையை வைப்பீர்களா என்று யோசியுங்கள். பாக்கெட்டுக்குள் போகிற கையை வைத்துக்கொண்டு ஆடிட் ஷீட்டில் டிக் போடாதீர்கள். அந்த டிக்கை நம்பி ஒருத்தி உள்ளே கையை விடுவாள்.

மேகலா எங்கள் இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்தாள், கேன்டீனில் இல்லை. இடது கையால் அளவு பார்க்கும் கேஜைப் பிடித்து பிராக்கெட் பார்ப்பாள். கூண்டு மாட்டிய கொஞ்ச நாளில், நானும் வருகிறேன் என்று சொல்லி என்னோடு நசரத்பேட்டைக்கு வந்தாள்.

நாங்கள் போனபோது வசந்தி மெஷினில் எரிச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பாகம் உள்ளே சிக்கியிருந்தது. கூண்டின் கம்பிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், போகவில்லை. பக்கவாட்டில் முயற்சி செய்தாள், அங்கேயும் போகவில்லை. நாங்கள் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"எந்த கஸ்மாலம் இந்தக் கூண்டை மாட்டினான்னு தெரியல. ஒரு வெரலு கூட போவ மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இடுக்கியை எடுக்க எழுந்தாள்.

மேகலா சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நல்லா திட்டும்மா. தெனமும் திட்டிகினே வேலை செய்" என்றாள்.